பழைய சிவிக்கில் இக்னிஷன் மாட்யூல்: சோதிப்பது எப்படி, மாற்றுவது எப்படி, எம்எஸ்டி போடுவது எப்போது

பி16ஏ இன்ஜின் ஓடும் ஹோண்டா இஜி சிவிக்கோ இகே சிவிக்கோ (இரண்டும் தொண்ணூறுகளின் மாடல்கள்) இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது என்றால் இந்தத் தொல்லை உங்களுக்குச் சீக்கிரமே அறிமுகமாகிவிடும். காலையில் ஒரே திருப்பில் இன்ஜின் பிடிக்கும். மத்தியான வெயிலில் பெட்ரோல் போட்டுவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். பானெட்டைத் திறந்து போட்டுவிட்டு ஒரு தே தாரேக் குடித்துவிட்டு வந்தால், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.

என் காருக்கு இது வந்தபோது ஒரு பட்டறையில் பெட்ரோல் பம்பை மாற்றச் சொன்னார்கள். இன்னொன்றில் இசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) போய்விட்டது என்றார்கள். அடுத்ததில், தீப்பொறிக்கு வலு சேர்க்கும் எம்எஸ்டி பெட்டி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். விலை சொல்ல எல்லாரும் தயார், மீட்டரைக் கையில் எடுக்கத்தான் ஆள் இல்லை. கடைசியில் கோளாறு, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உட்கார்ந்து தீப்பொறியைக் கட்டுப்படுத்தும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு மாட்யூல்.

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முதல் நான்கு படிகளுக்குப் பெரிதாகச் செலவே இல்லை. பலருக்கு விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

1. கிரானை (வாகனப் பதிவு அட்டையை) எடுத்து இன்ஜின் நம்பரோடு ஒப்பிடுங்கள்

கோலாலம்பூரில் ஓடும் இஜிக்களில் பல ஒற்றைக் கேம் இன்ஜினோடு வந்தவை. பிறகு ஹாஃப்கட்டிலிருந்து (பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய காரிலிருந்து) எடுத்த பி16ஏ மாட்டப்பட்டிருக்கும். ஆகவே கடையில் கார் மாடலைச் சொல்லிக் கேட்டால் வேறு இன்ஜினின் பார்ட்தான் கைக்கு வரும். இன்ஜினைச் சொல்லிக் கேளுங்கள்.

கிரானைப் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1493 சிசி டி15பி இன்ஜினை எடுத்துவிட்டு 1595 சிசி பி16ஏ போட்டாலும் ரோட் டேக்ஸ் மாறாது. தீபகற்பத்தில் 1401 முதல் 1600 சிசி வரையிலான சொந்தக் காருக்கு 90 வெள்ளிதான். ரோட் டேக்ஸ் புதுப்பிப்பதில் சிக்கல் வராததால், முந்தைய உரிமையாளர் கிரானில் திருத்தம் செய்யாமலே ஓட்டியிருக்கலாம். பெயர் மாற்றத்துக்காகப் புஸ்பாகோமில் (வாகனப் பரிசோதனை மையத்தில்) நிறுத்தும்போதோ விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ்காரர் வந்து பார்க்கும்போதோதான் அது வெளியே வரும். இன்ஜின் வாங்கிய ரசீது, வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் கஸ்டம்ஸ் கே1 பாரம், பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் காரை விற்பவரிடம் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு தேடினால் அவருடைய பழைய போன் நம்பர்கூட வேலை செய்யாது.

மாட்யூலை மட்டும் மாற்றுவதற்குக் கிரானில் எந்தத் திருத்தமும் வேண்டாம். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பக்கமே போக வேண்டியதில்லை.

2. டிஸ்ட்ரிபியூட்டரின் லேபிளைப் போட்டோ எடுங்கள்

அதிகம் பேர் காசை விடும் இடம் இதுதான். ஹோண்டாவுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் செய்து கொடுத்தவை இரண்டு: டெக், ஹிட்டாச்சி. பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், இன்ஜினிலும் ஒரே மாதிரி உட்காரும். ஆனால் உள்ளே இருக்கும் மாட்யூல், காயில் (பொறிக்கான உயர் வோல்ட்டைத் தரும் சுருள்), ரோட்டர், மேலே மூடும் கேப் எதுவும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. உடம்பில் ஒட்டியிருக்கும் எண் டிடி (TD) என்று தொடங்கினால் டெக், டி4டி (D4T) என்று தொடங்கினால் ஹிட்டாச்சி.

லேபிள் பெரும்பாலும் ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) பக்கம் திரும்பியிருக்கும். கையை விட்டுப் போனில் போட்டோ எடுப்பதுதான் சுலபம். அந்தப் போட்டோ இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள். நல்ல கடையில் தவுக்கே (முதலாளி) முதலில் கேட்பதே "டெக்கா, ஹிட்டாச்சியா?" என்றுதான். கேட்காமல் "சேம் சேம் லா" என்று எடுத்து நீட்டும் கடையாக இருந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

3. பெட்ரோலா, தீப்பொறியா?

வெயிலில் ஸ்டார்ட் ஆகாத பழைய ஹோண்டாவில் இரண்டு பேர்மேல் சந்தேகம் வரும். ஒன்று மாட்யூல். மற்றொன்று டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் மெயின் ரிலே. ரிலேவுக்குள் இருக்கும் ஈயப்பற்று காலப்போக்கில் விரிசல் விட்டுவிடும். சூடானால் தொடர்பு விடும், ஆறினால் ஒட்டும். அறிகுறி அச்சு அசல் மாட்யூல் மாதிரியேதான் தெரியும்.

பிரித்துப் பார்க்கக் கருவி வேண்டாம். கார் மக்கர் செய்யும் அந்த நேரத்திலேயே சாவியை ஆன் வரை மட்டும் திருப்பிக் காதைக் கொடுங்கள். பின் சீட்டுப் பக்கமிருந்து இரண்டு விநாடி பம்ப் சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் ரிலே, ஃபியூஸ் அல்லது பம்ப், மாட்யூலைத் தொடாதீர்கள். பம்ப் சத்தம் வந்தும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் தீப்பொறிப் பக்கம் பாருங்கள்.

அடுத்தது ஆர்பிஎம் மீட்டர். இந்தக் கார்களில் அந்த முள்ளுக்குச் சிக்னல் போவதே மாட்யூலிலிருந்துதான். ஸ்டார்ட்டர் சுற்றும்போது முள் லேசாகவாவது துள்ள வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது கார் வெட்டி இழுத்து, கியரில் இன்ஜின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கையிலேயே முள் மட்டும் சடாரென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், மாட்யூலோ அதற்கு வரும் மின்சாரமோ போகிறது என்று அர்த்தம். முள் ஒழுங்காக நிற்க, இன்ஜின் மட்டும் திணறினால் பெட்ரோல், பிளக், வயர் என்று தேடுங்கள்.

செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் கோளாறுக் குறியீட்டையும் படியுங்கள். ஓபிடி1 (கோளாறு கண்டறியும் முறையின் முதல் தலைமுறை) கார்களில் முன்சீட்டுப் பயணி கால் வைக்கும் பக்கம் இரண்டு முனை கனெக்டர் ஒன்று இருக்கும். அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டுச் சாவியை ஆன் செய்தால் விளக்கு கண் சிமிட்டும். நீண்ட சிமிட்டல் பத்துகள், குறுகியது ஒன்றுகள். 15 என்றால் இக்னிஷன் சிக்னல். 4, 8, 9 என்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சென்சார்கள். அவை தனியாகப் பிரித்து மாற்றும் பொருள் அல்ல, டிஸ்ட்ரிபியூட்டரையே முழுசாக மாற்ற வேண்டியிருக்கும்.

4. அலாரம், சாவி, எர்த்

நம் ஊரில் அதிகமாகப் பார்க்கும் கோளாறு இது. அந்தக் காலத்தில் கார் திருட்டுக்குப் பயந்து எல்லாரும் அலாரம் போட்டார்கள். ஸ்டியரிங்குக்கு அடியில் இக்னிஷன் வயரை வெட்டி நடுவில் ஒரு ரிலேவைச் சொருகிவிடுவார்கள். அலாரம் ரிமோட் தொலைந்து பல வருஷம் ஆகியிருக்கும், ரிலே மட்டும் அங்கேயே கருகிக்கொண்டிருக்கும். டேப் சுற்றிய வயர்க் கொத்து கண்ணில் பட்டால், அந்த வெட்டை எடுத்துவிட்டு நேரடியாக இணைத்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து மூடச் சொல்லுங்கள்.

இன்ஜின் ஓடும்போது சாவியை மெல்ல ஆட்டிப் பாருங்கள். இன்ஜின் இருமினால் இக்னிஷன் சுவிட்சின் மின்பகுதி தேய்ந்திருக்கிறது.

அப்புறம் எர்த். பி சீரிஸ் இன்ஜினில் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கின்மேல் ஒரு எர்த் வயர் போல்ட் போட்டிருக்கும். இன்ஜின் மாற்றியவர்கள் பெயின்ட்டின்மேலேயே அதை மாட்டியிருப்பார்கள், சில சமயம் மாட்டாமலே விட்டிருப்பார்கள். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிப் போடுங்கள். இசியூவின் எர்த்தே அந்த வழியாகத்தான் போகிறது.

5. மீட்டரால் அளந்து பாருங்கள்

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். ஐம்பது வெள்ளிக்குள் ஹார்ட்வேர் கடையிலேயே கிடைக்கும். இன்ஜின் ஆறியிருக்கட்டும், சாவி ஆஃபில் இருக்கட்டும். கேப், ரோட்டர், உள்மூடி மூன்றையும் கழற்றினால் மாட்யூல் தெரியும். நான்கு வயர்களையும் அதிலிருந்து உருவிவிட்டு, ஒன்றையொன்று தொடாமல் பிரித்து வையுங்கள். பிறகு சாவியை ஆன் செய்யுங்கள்.

கருப்பில் மஞ்சள் கோடு போட்ட வயருக்கும் பாடிக்கும் நடுவில் பேட்டரி வோல்ட் அப்படியே வர வேண்டும். பேட்டரியில் 12.5 இருந்து இங்கே 10 மட்டும் காட்டினால் நான்காம் படிக்குத் திரும்புங்கள். வெள்ளையில் நீலக் கோடு போட்ட வயரிலும் அதே வோல்ட் வர வேண்டும். இது காயில் வழியாக வருவது, வராவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. மஞ்சளில் பச்சைக் கோடு இசியூவுக்குப் போவது, நீலம் ஆர்பிஎம் மீட்டருக்குப் போவது. இவை இரண்டையும் சாவியை ஆஃப் செய்துவிட்டு, அறுந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வயரிங் பிரித்து ஒட்டிய காரில் நிறத்தை நம்பாதீர்கள், எங்கே போகிறதென்று பின்தொடர்ந்து பாருங்கள்.

காயிலின் முதன்மைச் சுற்று ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டும், இரண்டாம் சுற்று ஆயிரக்கணக்கான ஓம் காட்டும். டெக்குக்கும் ஹிட்டாச்சிக்கும் எண்கள் வேறு என்பதால் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிளக் வயர் ஒவ்வொன்றும் 25,000 ஓமுக்குள் இருக்க வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் தீப்பொறி இல்லை என்றால் மாட்யூல்தான். சூட்டில் மட்டும் சாகிற மாட்யூலுக்கு இன்னொரு சோதனை: எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, இன்ஜினை ஐடிலில் விட்டு, வீட்டிலிருக்கும் ஹேர் டிரையரால் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பைச் சில நிமிடம் சூடாக்குங்கள். டிரையர் வயர் பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முள் துள்ளி, இன்ஜின் நின்று, ஆறியதும் திரும்பப் பிடித்தால் சந்தேகமே வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. தீப்பொறி வருகிறதா என்று பார்க்கப் பிளக் வயரை உருவிக் காற்றில் தொங்கவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுவது இங்கே பல பட்டறைகளில் பழக்கம். போக வழியில்லாத மின்சாரம் திரும்பி வந்து நல்ல மாட்யூலையும் கொன்றுவிடும். எர்த் செய்யக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் மலிவான பொருள், அதையே பயன்படுத்துங்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

6. கேப்பைத் திறந்தால் உள்ளே என்ன தெரிகிறது?

மாட்யூல் வாங்கும் முன் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். குங்குமம் கொட்டியதுபோல் செம்பழுப்புப் பொடி படிந்திருந்தால் உள்ளே பேரிங் அரைபடுகிறது. ரோட்டர் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் தெரியும். எண்ணெய் நின்றால் உள் சீல் போய்விட்டது. இரண்டில் எது இருந்தாலும் புது மாட்யூல் வீண். பேரிங் இறுகினால் மாட்யூலோடு சேர்ந்து டிஸ்ட்ரிபியூட்டரே போகும். நல்ல நிலையிலுள்ள முழு டிஸ்ட்ரிபியூட்டரைத் தேடுங்கள்.

கேப்பின் உள்முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சுரண்டிக்கொண்டிருக்காமல் கேப்பையும் ரோட்டரையும் மாற்றிவிடுங்கள்.

7. எங்கே வாங்குவது, எவ்வளவு ஆகும்?

மூன்று வழிகள் இருக்கின்றன. ஆன்லைனில் கிடைக்கும் பெயரில்லாத நகல் நூறு வெள்ளிக்குள் முடிந்துவிடும், ஆனால் சூட்டில்தான் அதன் குணம் தெரியும். பெயர் பெற்ற ஜப்பான் தயாரிப்பு சில நூறு வெள்ளி. கெப்போங், கிள்ளான் பக்கம் இருக்கும் ஹாஃப்கட் கடைகளில் காயில், மாட்யூலோடு முழு டிஸ்ட்ரிபியூட்டரே கிடைக்கும். பேரம் பேசத் தெரிந்தால் புது மாட்யூல் விலைக்கே முடிக்கலாம். நான் முதலில் ஹாஃப்கட் கடைக்குத்தான் போகச் சொல்வேன். தண்டை ஆட்டிப் பார்த்து, கேப்பைத் திறந்து பார்த்து, "ஓடலைன்னா மாத்தித் தரணும்" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 2024 ஜனவரி 1 முதல், ஆன்லைனில் வாங்கும் 500 வெள்ளிக்கு மேற்படாத இறக்குமதிப் பொருளுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதற்கு மேல் போனால் கஸ்டம்ஸ் வரியும் சேரும். அனுப்பும் செலவோடு கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நேரமும் முக்கியம். ஸ்பேர் பார்ட் கடைகள் பல ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. சீனப் புத்தாண்டை ஒட்டி ஒரு வாரமோ அதற்கு மேலோ பூட்டியிருக்கும். தைப்பூசமும் ஏறக்குறைய அதே காலத்தில் வரும். சூட்டில் நிற்கிற காரை எடுத்துக்கொண்டு பத்துமலை நெரிசலுக்குள் போகாதீர்கள், அந்த வேலையை முன்னதாகவே முடித்துவிடுங்கள்.

8. மாற்றும் வேலை

பழகிய கைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. பட்டறையில் கொடுத்தால் கூலியை முன்பே பேசிக்கொள்ளுங்கள். நீங்களே செய்தால் கவனிக்க வேண்டியவை இவை.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ரோட்டரைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூதான் வேலையிலேயே கடினமான இடம். அது மேலே பார்க்கும்வரை இன்ஜினைச் சுற்றி, டபிள்யூடி-40 அடித்துக் காத்திருந்து, அளவான ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள். தலை மழுங்கிவிட்டால் டிரில்தான். மாட்யூலின் முதுகிலும் அது உட்காரும் உலோகத்திலும் பழைய பசையைத் துடைத்துவிட்டு, கம்ப்யூட்டர் கடையில் விற்கும் வெப்பப் பசையை மெல்லியதாகத் தடவுங்கள். மாட்யூல் தன் சூட்டை வெளியேற்றும் வழியே அதுதான். கூலிக்குச் செய்பவர்கள் அவசரத்தில் தாண்டிவிடும் வேலையும் இதுதான். பக்கத்தில் நின்று பாருங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரையே கழற்றுவதாக இருந்தால், போல்ட்டைத் தளர்த்தும் முன் அதன் உடம்பிலிருந்து சிலிண்டர் ஹெட்டுக்கு லிக்விட் பேப்பரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கேமில் சேரும் முனை மையம் விலகி இருப்பதால் ஒரே விதமாகத்தான் உட்காரும், தலைகீழாக மாட்டிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். ஆனால் டைமிங் (பொறி விடும் நேரம்) வேறு விஷயம். இன்ஜின் நன்றாகச் சூடானதும், மூன்றாம் படியில் சொன்ன கனெக்டரை இணைத்துவிட்டு, டைமிங் லைட்டால் பாருங்கள். பி16ஏவுக்கு ஐடிலில் 16 டிகிரி, இரண்டு டிகிரி முன்பின் இருக்கலாம். "காதாலேயே செட் பண்ணிடுவேன்" என்கிற அண்ணனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு லைட் வைத்திருப்பவரிடம் போங்கள்.

9. எம்எஸ்டி போடலாமா?

இப்போதுதான் மேம்படுத்தும் பேச்சு. நல்ல நிலையிலுள்ள, டர்போ இல்லாத பி16ஏவுக்கு இதனால் கிடைக்கும் கூடுதல் சக்தி சொல்லும்படியாக இருக்காது என்பது என் கருத்து. நல்ல மாட்யூல், புது கேப், ரோட்டர், பிளக், வயர் இவ்வளவே போதும்.

டர்போ போட்டவர்கள் கதை வேறு. 8000 ஆர்பிஎம்மில் ஒற்றைக் காயில் விநாடிக்கு ஏறக்குறைய 267 முறை பொறி விட வேண்டும். ஒவ்வொரு பொறிக்கும் நடுவில் 4 மில்லி விநாடிகூட இல்லை, அதற்குள் காயில் நிரம்ப வேண்டும். சிலிண்டரில் அழுத்தம் கூடக்கூடப் பொறி தாண்டுவதும் கஷ்டமாகும். எம்எஸ்டி 6ஏ, 6ஏஎல் போன்ற பெட்டிகள் சுமார் 500 வோல்ட்டைச் சேர்த்து வைத்துக் காயிலுக்குள் ஒரேயடியாகக் கொட்டுகின்றன. அதனால் உயர் ஆர்பிஎம்மிலும் பொறி தளராது. விளம்பரத்தில் வரும் பல பொறி வித்தை சுமார் 3000 ஆர்பிஎம் வரைதான், அதற்கு மேல் ஒற்றைப் பொறியே. பெட்டி வாங்கும் முன் பிளக் இடைவெளியை 1.1 மி.மீட்டரிலிருந்து 0.7 அல்லது 0.8க்குக் குறைத்துப் பாருங்கள். பூஸ்ட்டில் (டர்போ அழுத்தத்தில்) வரும் திணறல் பல சமயம் அதிலேயே போய்விடும்.

முக்கியமான சிக்கல் இங்கேதான். எம்எஸ்டி போட்டாலும் பழைய மாட்யூல் வேலையில்தான் இருக்கிறது. பெட்டியின் வெள்ளை வயருக்கு உத்தரவு கொடுப்பதே அதுதான். மாட்யூல் செத்தால் ஆயிரம் வெள்ளிக்கு மேல் போட்ட பெட்டியும் சேர்ந்து ஊமையாகும். ஆகவே ஐந்தாம் படியைத் தாண்டி இங்கே வராதீர்கள்.

வயரிங்: தடித்த சிவப்பும் கருப்பும் நேராகப் பேட்டரிக்கு. மெல்லிய சிவப்பு இக்னிஷன் ஆனில் வரும் 12 வோல்ட்டுக்கு. ஆரஞ்சும் மெல்லிய கருப்பும் காயிலுக்கு மட்டும். அவற்றில் டெஸ்ட் லைட்டையோ ஆர்பிஎம் மீட்டரையோ தொடவிடாதீர்கள். மீட்டருக்குப் பெட்டியிலேயே தனி முனை உண்டு. மின்தடை இல்லாத வெறும் உலோகப் பிளக் வயர் கூடாது, அதன் இரைச்சலில் இசியூ குழம்பும். பெட்டியை எக்ஸாஸ்ட் பக்கத்திலும் தாழ்வான இடத்திலும் வைக்காதீர்கள். திடீர் வெள்ளம் நம் ஊருக்குப் புதிதல்ல. போலிப் பெட்டிகளும் சந்தையில் ஏராளம். பாதி விலைக்குப் புதுசு என்றால் விலகிவிடுங்கள்.

பிளக்குக்கு ஒரு காயில் என்று மாற்ற நினைப்பவர்கள், நான்கு காயிலைத் தனித்தனியாக ஓட்டக்கூடிய இசியூவும் டியூனரும் கையில் இருந்தால் மட்டும் தொடங்குங்கள். கே20 இன்ஜினின் காயிலில் இக்னைட்டர் (மாட்யூலின் வேலையைச் செய்யும் பகுதி) உள்ளேயே இருக்கிறது. இரண்டு முனைக் காயிலுக்கு வெளியே தனியாக வேண்டும். காயில் நிரம்பும் நேரத்தைத் தப்பாகக் கொடுத்தால் வெந்துவிடும்.

10. வழியில் நின்றுவிட்டால்

இன்சூரன்ஸ் பாலிசியில் இலவச இழுவை எத்தனை கிலோமீட்டர் வரை என்று இன்றே பார்த்து, அந்த நம்பரைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஹைவே ஓரத்தில் கூப்பிடாமலே வந்து கொக்கியை மாட்டும் தோ டிரக்கிடம், விலை பேசாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். எம்எஸ்டியோ டர்போவோ போட்டிருந்தால் இன்சூரன்ஸ்காரருக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

11. ரசீது

பார்ட் எண், தேதி, கடையின் சாப் (முத்திரை) மூன்றும் ரசீதில் இருக்க வேண்டும். கடைக்காரர் பேச்சு மாறினால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை ஏற்பார்கள், பாரம் 1ஐ நிரப்பி 5 வெள்ளி கட்டினால் போதும், வக்கீல் வைக்கத் தேவையில்லை. மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் பல கடைகள் தரும் மெல்லிய ரசீது, டாஷ்போர்டில் கிடந்தால் அதற்கு வெகு முன்பே வெளுத்துவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள்.